மரணத்தொப்பியை அறிதல்

(சங்கத்தின் மாணவர் விடுதியில் ஆற்றிய சொற்பொழிவு)

 

வெள்ளி விழா ஆண்டின் அறிவியல் சொற்பொழிவு வரிசையில் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தபோது, விண்கலம் பற்றியோ கணிப்பொறி பற்றியோ பேசுவோம் என்று பலர் எண்ணியிருக்கக் கூடும். நாம் எடுத்துக்கொண்டது ஒரு காளான். அதுவும் ஐரோப்பாவின் ஓக், பீச் மரக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட காளான். தாவர நூலார் அதனை அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்பர். ஆங்கிலேயர் ‘டெத் கேப்’ என்பர். நாம் மரணத்தொப்பி என்றே வழங்குவோம். உலகில் காளான் உண்டு மாண்டவருள் பெரும்பாலோர் இந்த ஓர் இனத்தாலேயே மாண்டனர் என்பது அறிஞர் துணிபு. நாம் கலைப் பட்டதாரி. அறிவியல் ஆசிரியர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். சொல்லில் குற்றம் காணின் பொறுத்தருள்க.

எங்கோ முளைக்கும் காளானைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். காரணம் சொல்லுகிறோம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காபூல் நகரம் வீழ்ந்தபோது உயிர் தப்பி வானூர்தியில் போலந்து நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்கானியக் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று வார்சா நகரையடுத்த ஏதிலியர் மையத்தில் தங்கவைக்கப்பட்டது. மையத்தை அடுத்து ஒரு காடு, காட்டில் காளான். அக்குடும்பத்தார் பறித்துச் சமைத்து உண்டனர். ஐந்து வயதும் ஆறு வயதுமான இரு சிறுவர் மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தனர். மூத்தவனுக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தியும் பயனில்லாது போயிற்று. குண்டுக்குத் தப்பிய பிள்ளைகள் ஒரு வேளைச் சமையலுக்குத் தப்பவில்லை. அச்செய்தியைப் படித்த நாள்முதல் அது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அகலாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய சாவு ஏழையின் வீட்டில் நேர்ந்தால் ஊர் சொல்லும் சொல் நமக்குத் தெரியும்: ‘கண்டதையும் தின்பவர்கள், செத்தார்கள்.’ இச்சொல்லை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கின்றனர். நத்தைக்கும் நண்டுக்கும் கேட்டோம், மாட்டிறைச்சிக்குக் கேட்டோம், காளானுக்கும் கேட்டோம். 1740ஆம் ஆண்டு அக்டோபரில் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் காளான் உணவு உண்டபின் நோயுற்றுச் சில நாட்களில் இறந்தார். அது மரணத்தொப்பியாகவே இருக்கவேண்டும் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. அவர் இறந்ததும் அரசுரிமைப் போர் மூண்டு ஐரோப்பா முழுவதும் எட்டாண்டுகள் எரிந்தது. பேரரசரைக் கண்டதைத் தின்றவர் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதியதாக நாம் படித்ததில்லை.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில் நம் ஆயா கூடையோடு புறப்படுவார். பின்னாலேயே நாமும் ஓடுவோம். அவர் நேரே கரையான் புற்றுக்குச் செல்வார். புற்றுக்காளானின் கூர்ந்த நடுமுனையைப் பார்ப்பார். காம்பின் அடியில் விரலை விட்டு மண்ணைத் தோண்டுவார். நீண்டு ஒடுங்கிய வேர்போன்ற பகுதி புற்றுக்குள் இறங்கிச் செல்கிறதா என்று பார்த்தே எடுப்பார். எருக்குழியோரத்தில் எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும் தொடமாட்டார். ஏன் ஆயா என்றால், ‘அது நமக்குத் தெரியாதது’ என்பார். எழுத்தறியாத அந்த மூதாட்டி செய்தது முழுமையான தாவரவியல் என்பதை உணர நமக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. நிற்கும் இடம், தலை, காம்பு, அடி என்று நான்கையும் பார்த்து, ஒன்று ஒவ்வாவிடினும் விட்டுவிடுவதே அந்த முறை. ஐரோப்பிய நூல்களும் இதையே கூறுகின்றன.

இனி மரணத்தொப்பியின் உருவத்தைக் காண்போம். பிறந்தவுடன் அது காளானைப் போலவே இராது. வெள்ளைத் தோலால் முழுவதும் மூடப்பட்டு, மண்ணிலும் சருகிலும் பாதி புதைந்த சிறு முட்டையைப் போலக் கிடக்கும். உள்ளே காம்பு நீளும்போது அந்தத் தோல் கிழியும். கிழிந்த தோலின் கீழ்ப்பகுதி காம்பின் அடியில் ஒரு கிண்ணம்போல், அல்லது தளர்ந்த பைபோல் தங்கிவிடும். இந்தக் கிண்ணமே தலையாய அடையாளம். ஆனால் அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். காளானைக் காம்போடு கிள்ளியெடுப்பவர், கத்தியால் அறுத்தெடுப்பவர் ஆகிய இருவரும் இந்த அடையாளத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு நஞ்சை மட்டும் வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். ஆயா விரலை விட்டுத் தோண்டியதன் அருமை இங்கே விளங்கும்.

விரிந்த தொப்பி 5 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நிறம் பெரும்பாலும் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, அல்லது ஒலிவக்காயின் பச்சை. நடுவில் சற்று அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் காணும். மேற்பரப்பு வழவழப்பானது, ஈரத்தில் சற்றே பிசுபிசுக்கும், உலர்ந்தபின் பட்டுபோல் மின்னும், உற்று நோக்கினால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்லிய இழைக்கோடுகள் ஓடுவதைக் காணலாம். நிறத்தை நம்பியவர் கெட்டார். மழையில் நனைந்து வெளுத்ததும் உண்டு. முதிர்ந்து பழுப்பேறியதும் உண்டு. பிறக்கும்போதே வெள்ளையான வகையும் உண்டு.

தொப்பியைத் திருப்பிப் பார்த்தால் செவுள்கள் நெருங்கி அடுக்கியிருக்கும். அவை வெள்ளை, முதிர்ந்த பின்னும் வெள்ளையாகவே இருக்கும், காம்பைத் தொடாமல் சற்று விலகி நிற்கும். காம்பின் மேற்பகுதியில் பாவாடை தொங்குவதுபோல் ஒரு மெல்லிய வளையம் உண்டு. அதுவும் மழையில் அறுந்து விழுந்துவிடக்கூடும். காம்பின் மேல் பாம்புச் சட்டையை நினைவூட்டும் மங்கலான வளைகோடுகள் தென்படும். மணமோ, இளமையில் மென்மையான தேன் மணம். சுவையும் நன்றாகவே இருந்தது என்று உண்டு பிழைத்தவர் கூறியிருக்கின்றனர். நஞ்சு கசக்கும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருப்பது எவ்வளவு பெரிய பிழை!

அது நிற்கும் இடமும் அடையாளங்களில் ஒன்று. மரணத்தொப்பி மரத்தின் வேரோடு கூட்டுறவு கொண்டு வாழ்வது. மண்ணுக்கடியில் அதன் இழைகள் வேர்நுனிகளைச் சுற்றிக்கொண்டு, மரத்துக்கு நீரும் தாதுவும் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரை பெறுகின்றன. இக்கூட்டுறவே அது உலகம் சுற்றியதற்கும் காரணம். ஐரோப்பியர் குடியேறிய நாடுகளுக்குத் தங்கள் மரக்கன்றுகளை மண்ணோடு எடுத்துச் சென்றனர். மண்ணோடு காளானும் சென்றது. இன்று கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது உண்டு. கனடாவின் மேற்குக் கரை நகரங்களில் தெருவோர மரங்களின் அடியில் முளைக்கிறது. அங்கே 2016ஆம் ஆண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று அதனால் இறந்தது. இவ்விடங்களில் அது காட்டுக் காளானாக இல்லாமல் தெருவோரக் காளானாகிவிட்டது.

வைக்கோல் காளானை நம்மவர் நன்கறிவர். 1940களிலேயே கோயம்புத்தூரில் அதன் வளர்ப்பு ஆராயப்பட்டது. தென்கிழக்காசிய நாடுகளிலும் சீனத்திலும் அது அன்றாட உணவு. அதுவும் இளமையில் முட்டைபோலவே கிடக்கும். அதற்கும் அடியில் கிண்ணம் உண்டு! ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் 2011ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு, சீனத்திலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர் தாம் பறித்த காளானைச் சமைத்து உடன் பணிபுரிந்தவர்களோடு உண்டார். வைக்கோல் காளான் என்று கருதியே பறித்தார் என்பர். அவரும் மற்றொருவரும் 2012 சனவரியில் இறந்தனர். சமையலே தொழிலாகக் கொண்டவர், பிறந்த மண்ணில் அந்தக் காளானைப் பலமுறை கண்டவர், அவருக்கே இந்நிலை. அவர் அறியாமையால் இறக்கவில்லை. ஒரு மண்ணுக்கு உண்மையான அறிவை மற்றொரு மண்ணில் பயன்படுத்தியதால் இறந்தார். ஆப்கானியத் தாயும் அவ்வாறே. நம் முன்னோர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலிகளாகக் கப்பலேறியபோது, அந்த மலைக்காடுகளில் எந்தக் கீரை நம் கீரை, எந்தக் காளான் நம் காளான் என்று எத்தனை தாய்மார் திகைத்து நின்றிருப்பர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. வைக்கோல் காளானின் செவுள்கள் முதிரும்போது இளஞ்சிவப்பாக மாறும். மரணத்தொப்பியின் செவுள்கள் மாறா. வைக்கோல் காளானுக்குக் காம்பில் வளையம் இல்லை. அது மக்கிய வைக்கோலிலும் குப்பையிலும் முளைக்கும். மற்றது மரத்தடி மண்ணில். ஆனால் இவ்வேறுபாடுகளெல்லாம் விரிந்த பின்னரே தெளிவாகும். சமையலுக்குச் சுவை மிக்கதென்று நாம் விரும்புவதோ முட்டைப் பருவம்! அதனால்தான் முட்டைப் பருவக் காளானைக் காட்டில் பறிக்கவே கூடாது என்று அறிந்தவர் விலக்குகின்றனர்.

நஞ்சறியும் சோதனைகள் என்று நம் வீடுகளில் வழங்குவன பல. கொதிக்கும் குழம்பில் வெள்ளிக்காசைப் போட்டால் கறுக்கும் என்பது ஒன்று. வெள்ளிக்காசு இல்லாத வீட்டில் கால் கொலுசைக் கழற்றிப் போட்டுப் பார்த்ததையும் நாம் அறிவோம். வெள்ளியைக் கறுக்கச் செய்வன கந்தகச் சேர்மங்கள். பூண்டும் வெங்காயமும் முட்டையும் அதைச் செய்யும். மரணத்தொப்பியின் நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது. பூண்டு கறுத்தால் நஞ்சு, அரிசி சிவந்தால் நஞ்சு என்பனவும் இத்தகையனவே. பூச்சி அரித்தது நல்லது என்பது இன்னும் கொடியது. நத்தைகள் மரணத்தொப்பியை உண்டு நலமாக இருக்கின்றன, சில ஈக்களின் புழுக்கள் அத்தகைய நச்சுக்காளான்களுக்குள்ளேயே வளர்கின்றன. நன்றாகக் கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்பர், போகாது. வெயிலில் உலர்த்தினாலும் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் போகாது. இந்தச் சோதனைகளில் ஒன்றேனும் பழுதில்லாதது என்று சொல்ல நமக்கு ஆசைதான். நம் பாட்டிமார் பெயரால் வழங்குவன ஆயிற்றே. ஆனால் நம் ஆயா ஒருநாளும் வெள்ளியைப் போட்டுப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒன்றை மட்டும் இங்கே தெளிவுபடுத்துவோம். மரணத்தொப்பியைத் தொடுவதால் தீங்கில்லை. கையில் எடுத்துப் பார்க்கலாம். பின் கையைக் கழுவினால் போதும். உண்டால்தான் நஞ்சு. அச்சத்தால் தொடாமலே இருப்பவர் அடிக்கிண்ணத்தைத் தோண்டிப் பார்ப்பதும் இல்லை, அதை அறிவதும் இல்லை.

நஞ்சின் இயல்பை வேதியியலார் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. 1927ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்ற ஜெர்மானியர் ஹைன்ரிஷ் வீலாந்தும் அவர் உடனுழைத்தோரும் 1941இல் அமானிட்டின் என்ற நஞ்சைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவே உயிரைப் போக்கக் கூடும் என்பர். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 5 மில்லிகிராம்; ஓர் அரிசியின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு. அந்த அளவு ஒரே காளானில் இருக்கக்கூடும்.

அது உடலுக்குள் என்ன செய்கிறது? மாணவர்களுக்கு விளங்குமாறு சொல்ல முயல்வோம். ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுச் செய்தியைப் படித்து நகலெடுக்கும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்க. அவர் எடுக்கும் நகலைப் பார்த்தே உயிரணு தனக்கு வேண்டிய புரதங்களை ஆக்குகிறது. அமானிட்டின் அந்த எழுத்தரின் கையைக் கட்டிவிடுகிறது. கட்டிய உடனே அலுவலகம் நின்றுவிடாது. முன்பே எடுத்துவைத்த நகல்களைக் கொண்டு சில மணி நேரம் நடக்கும். அதன்பின் ஒவ்வொன்றாக முடங்கும். கல்லீரல் அணுக்கள் இந்த நஞ்சை விரைந்து உள்வாங்குவதால் அவையே முதலில் அழிகின்றன. கல்லீரல் நஞ்சைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளுகிறது. குடல் அதை மீண்டும் உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்புகிறது. இவ்வாறு ஒரே நஞ்சு பலமுறை தாக்குகிறது.

இதனால் நோயின் போக்கு மிகவும் வஞ்சகமானது. உண்டபின் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலாக, ஒரு துன்பமும் இராது. இரவு உண்டவர் நன்றாக உறங்குவார். மறுநாள் விடியலில் கடும் வயிற்றுவலி, வாந்தி, காலரா போன்ற வயிற்றுப்போக்கு. நேற்றிரவு உண்டதை எவரும் ஐயுறார்; காலையில் குடித்த நீரையே ஐயுறுவர். அந்தத் துன்பம் ஒரு நாள் நீடித்துப் பின் தணியும். நோயாளி எழுந்து உட்காருவார், கஞ்சி கேட்பார், வீட்டார் தெய்வத்துக்கு நன்றி சொல்வர், வீட்டுக்குப் போகலாம் என்பர். கல்லீரல் அழிந்துகொண்டிருப்பது அந்த வேளையில்தான். மூன்றாம் நான்காம் நாள் கண்ணும் தோலும் மஞ்சளிக்கும், அறிவு தடுமாறும், சிறுநீரகமும் கெடும். தக்க சிகிச்சை கிடைத்தும் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறக்கின்றனர். கிடைக்காத இடத்தில் அதனினும் பலர்.

உறுதியான மாற்று மருந்து ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை. இழந்த நீரை ஈடுசெய்தல், நஞ்சை ஈர்க்கும் கரித்தூள், பால்முட்செடியிலிருந்து எடுத்த சிலிபினின், பெனிசிலின் ஆகியவற்றைக் கொடுத்து, தேவைப்பட்டால் கல்லீரலை மாற்றுகின்றனர். 2023இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு சாயப்பொருள் எலிகளில் பயன் தந்ததாகக் கூறியது. ஆயினும் எதுவும் காலத்தைப் பொறுத்தது. மிச்சமிருக்கும் காளானையோ, குழம்பையோ, வாந்தியையோ ஒரு காகித உறையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்வது நோயாளிக்குச் செய்யும் பேருதவி. அத்துடன் ‘எத்தனை மணிக்கு உண்டோம், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது’ என்ற இரண்டையும் எழுதிக்கொடுங்கள். உண்டபின் நெடுநேரம் கழித்துத் தொடங்கிய வாந்தியே அஞ்சத்தக்கது. நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடன் உண்ட அனைவரும் செல்லவேண்டும். நம் மாநிலத்தில் 108க்கு அழைத்தால் ஊர்தி வரும்.

நாம் படித்தவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது இனிச் சொல்லப்போவது. சுவிட்சர்லாந்தில் பல ஊர்களில் காளான் சோதனையாளர் இருக்கின்றனர். போலந்திலும் அரசுச் சுகாதார நிலையங்களில் காளான் அறிந்தவர் உண்டு. காட்டில் பறித்த கூடையை எவரும் அவரிடம் கொண்டுசென்று மேசைமேல் கொட்டலாம். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, இது உணவு, இது நஞ்சு என்று சொல்லி அனுப்புவார். ஒரு கூலித்தொழிலாளி தன் உணவைக் கொண்டுபோய் அரசு அலுவலரிடம் காட்டி ஐயம் கேட்கிறான். ‘இதையெல்லாமா தின்கிறாய்’ என்று அவர் முகம் சுளிப்பதில்லை. அந்த மேசையைக் காண நமக்கு ஆசை. ஆயினும் அந்த நாட்டிலேயே இரு ஆப்கானியச் சிறுவர் இறந்தனரே என்றால், ஆம். மேசை இருக்கிறது என்று அவர்கள் மொழியில் அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருக்கவேண்டும். 2015இல் ஜெர்மனியில் சிரியா நாட்டு ஏதிலியர் பலர் இதே காளானால் நோயுற்றபோது, ஹனோவர் மருத்துவக் கல்லூரியார் படத்துடன் எச்சரிக்கைச் சுவரொட்டி அச்சிட்டனர். அரபு, குர்திஷ் உள்ளிட்ட மொழிகளில் அச்சிட்டனர். அச்செயலை நாம் பெரிதும் போற்றுகிறோம்.

நம் நாட்டில், 2022 ஏப்ரலில், அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். ஒரு குழந்தையும் அடக்கம். திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் வந்துசேர்ந்தபோது பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். மழைக்குப்பின் புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக, தலையில் பழுப்புச் செதில்களோடு நிற்கும் காளானைப் பார்த்திருப்பீர்கள். நம் பள்ளி விளையாட்டுத் திடலிலும் முளைக்கிறது. அதன் செவுள்கள் முதலில் வெள்ளையாயிருந்து பின் சாம்பல் பச்சையாகும். அது பெரும்பாலும் உயிரைக் கொல்லாது, ஆனால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் தரும், குழந்தைகளுக்கு ஆபத்து. மொக்காக இருக்கையில் உண்ணும் காளான்போலவே தோன்றும். சென்ற ஆண்டு ஒரு மாணவி அதைப் பறித்துக் கொண்டுவந்து, ‘ஐயா, இது நல்லதா கெட்டதா’ என்று கேட்டாள். சமைக்காமல் முதலில் கேட்டாளே என்று நாம் மகிழ்ந்தோம். இச்சொற்பொழிவுக்கு வித்திட்டவள் அவளே.

விடை கண்டது எப்படி என்பதைக் காட்டவே அதோ அந்த மேசைமேல் சில காகிதங்கள் வைத்திருக்கிறோம். காளானின் காம்பை நறுக்கிவிட்டு, தலையைச் செவுள்கள் கீழே இருக்குமாறு காகிதத்தின்மேல் வைத்து, ஒரு டம்ளரால் மூடி, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் எடுத்தால் வித்துத்தூள் உதிர்ந்து ஓவியம்போல் படிந்திருக்கும். காகிதத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் இருந்தால் எந்த நிறத்தூளும் தெரியும். முதற்காகிதத்தில் இருப்பது சந்தையில் வாங்கிய பால்காளான், தூள் வெள்ளை. மரணத்தொப்பியின் தூளும் இதே வெள்ளைதான். ஆகவே தூளை மட்டும் கொண்டு எதையும் உணவென்று முடிவுசெய்ய வேண்டா. பால்காளானின் அடியைப் பாருங்கள், கிண்ணம் இல்லை. காம்பைப் பாருங்கள், வளையம் இல்லை. இரண்டாவது வைக்கோல் காளான், தூள் இளஞ்சிவப்பு. கிண்ணம் சிதையாமல் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம். மூன்றாவது அந்த மாணவி கொண்டுவந்த இனம். அதன் பச்சைத் தூளைப் பாருங்கள். ஒருவர்பின் ஒருவராக வாருங்கள். மூன்றாவதைத் தொட்டவர் மட்டும் சிற்றுண்டிக்கு முன் கை கழுவிக்கொள்க.